வாயுதான் முதலில் போகிறது

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய இரவுகளில் பதினொரு மணியளவில் பதுளையில் நின்று அண்ணாந்து பார்த்தால், உச்சிவானுக்கு ஐந்து பாகை வடக்கே, வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாத ஓர் இருண்ட பகுதி இருக்கும். ஜாதகத்தில் நாம் தேடும் உத்தர நட்சத்திரத்திலிருந்து கிழக்கே ஏறக்குறையப் பத்துப் பாகை; கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முட்டியின் அகலம். கன்னிக் கொத்து அங்கேதான் இருக்கிறது. 5 கோடியே 40 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு சுற்றும் கூட்டம் அது. நமக்கு மிக அருகிலுள்ள பெரிய மண்டலக் கொத்தும் அதுவே. மேகமில்லாத இரவில் சிறிய தொலைகாட்டி வழியே பார்த்தால் அதன் நடுவிலுள்ள எம்87 மங்கிய பொட்டாகத் தெரியும். 2019 ஏப்ரலில் உலகப் பத்திரிகைகளின் முதற்பக்கங்களில் வந்த கருந்துளைப் படம் அந்த எம்87இன் மையத்தைக் காட்டியதுதான்.

ஏழு பாகை வட அகலாங்கில் இருப்பது வானம் பார்ப்பவருக்குப் பெரிய வசதி. கன்னிக் கொத்து நம் உச்சியை ஒட்டிக் கடக்கிறது. வடக்கே கோமா கொத்தும் நன்றாக உயர்கிறது. தை, மாசி மாத முன்னிரவுகளில் தெற்கே உலைக் கொத்தும் பாதி வானம் வரை ஏறுகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உலைக் கொத்து தொடுவானத்தை விட்டு ஒழுங்காக எழுவதே இல்லை. ஊவாவின் மலைகளுக்கு நடுவே விளக்கொளி குறைந்த தோட்டங்களில் இருப்பவர்களுக்கு மூன்றுமே வானில் உயர வந்து போகின்றன.

இந்தக் கொத்துகளைப் பார்த்தவர்களை நெடுங்காலமாகத் தொந்தரவு செய்த கேள்வி ஒன்று உண்டு. கொத்துக்கு வெளியே, தனிமையான வெளியில் திரியும் மண்டலங்களில் பெரும்பாலானவை நீல நிறச் சுருள்கள். அவற்றில் குளிர்ந்த ஐதரசன் வாயு நிறைந்திருக்கிறது, அதிலிருந்து புது விண்மீன்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. கொத்தின் நெரிசலான நடுவுக்குப் போனால் காட்சி தலைகீழ். சிவந்த, வாயு வற்றிய, புது விண்மீன் பிறக்காத நீள்வட்ட மண்டலங்களும் வில்லை வடிவ மண்டலங்களுமே அங்கே கூட்டம். அலன் டிரெஸ்லர் 55 கொத்துகளை அளந்து 1980இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. அடர்த்தி கூடக் கூடச் சுருள்களின் பங்கு சீராகக் குறைந்து, நடுமையத்தில் பத்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்க முடியும். நெரிசலில் பிறந்தவை ஆரம்பத்திலேயே அப்படிப் பிறந்தன என்பது ஒன்று. வெளியிலிருந்து நீலமாக விழுந்தவற்றைக் கொத்து உருமாற்றிவிட்டது என்பது மற்றது. கொத்துகள் இன்றும் புறவெளியிலிருந்து சிறு மண்டலங்களை இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே இரண்டாவது விளக்கத்தைக் கண் முன்னே சோதிக்க முடியும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த வேலை பெரும்பாலும் அந்தச் சோதனைதான்.

கொத்து என்பது மண்டலங்களின் கூட்டம் மட்டும் என்று எண்ணுவதே முதல் தடுமாற்றம். 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்தின் மண்டலங்கள் ஓடும் வேகத்தை அளந்தார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் அந்தக் கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும் என்று கண்டார். கரும்பொருள் என்ற எண்ணம் அங்கிருந்து தொடங்கியது. 1970 டிசம்பரில் கென்யக் கடற்கரைக்கு அப்பாலிருந்து ஏவப்பட்ட உகுரு என்ற செயற்கைக்கோள், கொத்துகள் எக்ஸ்-கதிர் வீசுவதைக் காட்டியது. மண்டலங்களுக்கு இடையிலுள்ள வெளியை ஒரு கோடி முதல் பத்துக் கோடி பாகை வரை சூடான வாயு நிரப்பியிருக்கிறது. கொத்தின் மொத்தத் திணிவில் ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள். மிச்சத்தில் பெரும்பகுதி இந்தச் சூடான வாயு. நாம் படத்தில் பார்த்து வியக்கும் விண்மீன்கள் எல்லாம் சேர்ந்தாலும் நூற்றில் சில பங்குதான். ஆக, உள்ளே விழும் ஒரு சிறு மண்டலத்தை எதிர்கொள்வது முதலில் மற்ற மண்டலங்கள் அல்ல, வாயுதான்.

அது எவ்வளவு மெல்லிய வாயு என்பதைச் சொல்லியாக வேண்டும். கொத்தின் உட்பகுதியில் ஒரு லீற்றர் போத்தலைத் திறந்து பிடித்தால் அதற்குள் ஒன்றிரண்டு அணுத்துகள்கள் இருக்கும். பூமியின் ஆய்வுகூடங்களில் எந்தப் பம்பும் இவ்வளவு வெறுமையை உண்டாக்கியதில்லை. ஆனால் விழும் மண்டலம் வினாடிக்கு ஆயிரம் கிலோமீற்றர் வேகத்தில் அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. 1972இல் ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் காட்டும் ஓர் எளிய கணக்கை எழுதினார்கள். எதிர்க்காற்றின் அழுத்தம் வாயுவின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் வரும். மண்டலத்தின் தட்டு தன் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பைவிட அந்த அழுத்தம் மிஞ்சும் இடத்தில் வாயு பிய்ந்து போகும். எண்களைப் போட்டுப் பார்த்தால் அழுத்தம் நாம் மூச்சுவிடும் வளியின் அழுத்தத்தில் நூறு கோடிக் கோடியில் ஒரு பங்கு கூட இல்லை. அவ்வளவு சன்னமான தள்ளல் போதும், ஏனென்றால் தட்டின் வெளிவிளிம்பில் வாயுவைப் பிடித்திருக்கும் ஈர்ப்பு அதைவிடச் சன்னமானது. குறுமண்டலங்களில் இந்தப் பிடி இன்னும் தளர்வு. பெரிய சுருள் ஒன்று விளிம்பு வாயுவை மட்டும் இழந்து தப்பலாம். அதே பாதையில் விழும் குறுமண்டலம் முழுவதையும் இழந்துவிடும்.

இந்தக் காற்று விண்மீன்களை ஒன்றும் செய்யாது என்பதுதான் விஷயத்தின் முடிச்சு. விண்மீன் மிகச் சிறிய, மிக அடர்ந்த பொருள். மெல்லிய வாயுவுக்கு அதன் மேல் பிடியே கிடைக்காது. தோட்டத்து ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்தை வாட்டும்போது நடப்பதும் இதுதான். இரவு முழுக்க இலைகளின் ஊடாகக் காற்றுப் போகிறது, ஈரம் போகிறது, இலை தட்டிலேயே கிடக்கிறது. ஆடி, ஆவணியில் ஊவாவுக்கு வரும் வறண்ட காற்று இந்த வேலையை இன்னும் கடுமையாகச் செய்வதால்தான் அந்தப் பருவத்துத் தேயிலைக்குத் தனி விலை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஸ்டோரில் இலை நிற்கிறது, காற்று ஓடுகிறது. கொத்தில் காற்று நிற்கிறது, இலை ஓடுகிறது.

கன்னிக் கொத்தில் இதற்கு ஐசி 3418 என்ற குறுமண்டலம் நல்ல சாட்சி. அதன் உடலில் வாயு அநேகமாக இல்லை. விண்மீன் பிறப்பு ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நின்றுவிட்டது. ஆனால் அதன் பின்னால் 55,000 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு வால் இழுபடுகிறது. அந்த வாலின் முடிச்சுகளில் இளம் நீல விண்மீன்கள் எரிகின்றன. உடல் ஓய்ந்துவிட்டது, உரிந்து போன வாயு மட்டும் வழியில் சில விண்மீன்களைப் பெற்றுப் போட்டிருக்கிறது. குறுமண்டலம் ஒன்று நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும் அந்த இடைநொடியில் பிடிபட்டது என்று இதைச் சொல்லலாம். கோமா கொத்தின் டி100 என்ற சுருளும் இப்படியே: இரண்டு இலட்சம் ஒளியாண்டு நீள வால், அகலமோ சில ஆயிரம் ஒளியாண்டு. வால் மண்டலத்தின் நடுவிலிருந்து மட்டும் புறப்படுவதால், விளிம்பு வாயு முழுதும் முன்பே போய்விட்டது, இப்போது கடைசி வாயு வெளியேறுகிறது என்று தெரிகிறது. தென்வானத்து நோர்மா கொத்திலுள்ள ஈஎஸ்ஓ 137-001 இன்னும் நாடகத்தனமானது. எக்ஸ்-கதிரில் அதற்கு இரட்டை வால்.

இத்தகைய மண்டலங்களை வானியலாளர்கள் சொறிமுட்டை மண்டலங்கள் என்ற பொருளில் அழைக்கிறார்கள். கடலில் மிதக்கும் சொறிமுட்டையின் தொங்கும் கைகளைப் போல வாயு இழைகள் தெரிவதால். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய இத்தாலியின் பியாங்கா பொஜ்யாந்தி தலைமையில் சிலியிலுள்ள பெரிய தொலைகாட்டியைக் கொண்டு காஸ்ப் என்ற பெருந்திட்டம் நடந்தது. அதில் நம் பக்கத்து நாட்டுக்கும் பங்கு உண்டு. 2015 செப்டெம்பர் 28ஆம் தேதி ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் இந்தியாவின் முதல் வானியல் செயற்கைக்கோள். பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று செய்த புற ஊதாத் தொலைகாட்டி அதில் இருக்கிறது. அந்தக் கோளின் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு ஆறு பாகை மட்டுமே சாய்ந்தது. எனவே அது வடக்கே வரும் எல்லை நம் தென்கரையோரம். மாத்தறைக்கு மேலாகப் போகிற வேளையில் பதுளைக்கு அது ஏறக்குறைய உச்சியில் இருக்கும்.

அந்தத் தொலைகாட்டி பார்த்தவற்றில் முக்கியமானது ஏபெல் 85 என்ற கொத்தில் விழும் ஜேஓ201. வினாடிக்கு 3,300 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில், ஏறக்குறைய நம் பார்வைக்கோட்டின் வழியே அது கொத்தின் நடுவை நோக்கிப் பாய்கிறது. கோஷி ஜோர்ஜும் கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்ட புற ஊதாப் படத்தில், உரிந்து தொங்கும் இழைகளிலேயே புது விண்மீன் கூட்டங்கள் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தன. புற ஊதா இங்கே ஏன் முக்கியம் என்றால், அதைத் தாராளமாக வீசுபவை சில கோடி ஆண்டுகளே வாழும் பெரிய விண்மீன்கள். அவை தெரிகிற இடத்தில் பிறப்பு இப்போதுதான் நடந்திருக்கிறது, தாய் மண்டலத்திலிருந்து நகர்ந்து வந்ததல்ல. பத்துக் கோடி பாகைக் காற்றுக்கு நடுவே குளிர்ந்த வாயு ஆவியாகாமல் தாக்குப்பிடித்து விண்மீனாகச் சுருங்குவது எப்படி என்பது இன்னும் சூடான வாதம். காந்தப்புலம் வாலைப் போர்த்திக் காக்கிறது என்பது இப்போது பலரும் சாயும் பக்கம். அதற்கடுத்த ஆண்டு இதே குழு ஜேஓ201இன் நடுவில் விண்மீன் பிறப்பு ஒழிந்த ஒரு குழி இருப்பதையும் காட்டியது. அதைச் செய்தது வெளிக்காற்று அல்ல, மண்டலத்தின் சொந்தக் கருந்துளை. இது 2017இல் பொஜ்யாந்தியின் குழு நேச்சர் இதழில் சொன்னதோடு பொருந்துகிறது: அவர்கள் பார்த்த ஏழு சொறிமுட்டை மண்டலங்களில் ஆறில் கருந்துளை விழித்திருந்தது. காற்று வாயுவை வெளியே தள்ளும்போது ஒரு பகுதியை உள்ளேயும் பிதுக்கிக் கருந்துளைக்கு ஊட்டுகிறது என்பது அவர்கள் வாதம். ஏழு என்பது சிறிய எண். பின்னால் வந்த பெரிய தொகுப்புகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே இதை விதியாக எடுத்துக்கொள்ளத் தயங்குவேன்.

எதிர்க்காற்றை மட்டும் வைத்துக் கதையை முடிக்க முடியாது. ஒவ்வொரு சுருளையும் சூழ்ந்து மெல்லிய சூடான வாயு உறை ஒன்று இருக்கிறது. தட்டிலுள்ள வாயு விண்மீனாகச் செலவழியச் செலவழிய, உறையிலிருந்து குளிர்ந்து இறங்குவதே அந்தச் செலவை ஈடுகட்டுகிறது. 1980இல் லார்சன், டின்ஸ்லி, கால்ட்வெல் மூவரும் சொன்னது இதுதான்: கொத்து தட்டைத் தொடக்கூட வேண்டாம், தளர்ந்த வெளியுறையை மட்டும் பறித்தால் போதும். கையிருப்பு தீரும் வரை மண்டலம் வழக்கம்போல் விண்மீன் பெற்று, பிறகு பட்டினியால் ஓயும். இதற்குச் சில நூறு கோடி ஆண்டுகள் ஆகும். நேரடிக் காற்று அதே வேலையைச் சில பத்துக் கோடி ஆண்டுகளில் முடித்துவிடும். எது நடந்தது என்று எப்படி அறிவது? விண்மீன்களின் உலோகச் செறிவை, அதாவது ஐதரசனையும் ஹீலியத்தையும் விடக் கனமான தனிமங்களின் அளவைப் பார்க்கலாம். வாயு சட்டென்று போனால் விண்மீன் பிறப்பு அந்தக் கணத்தில் நிற்கும், செறிவு அப்படியே இருக்கும். பட்டினியில் ஓய்ந்தால், புது வாயு கலக்காத பழைய வாயுவே திரும்பத் திரும்பப் பயன்பட்டு உலோகம் கூடும். 2015இல் பெங் யிங்ஜியேவும் கூட்டாளிகளும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களில் இதைச் சோதித்து, ஓய்ந்தவற்றில் பெரும்பாலானவை ஏறக்குறைய 400 கோடி ஆண்டுப் பட்டினிக்குப் பிறகே ஓய்ந்தன என்றார்கள். அண்ட்ரூ வெட்செலின் குழு 2013இல் வேறு வழியாக ஒரு நடுநிலைக்கு வந்தது: உள்ளே விழுந்து 200 முதல் 400 கோடி ஆண்டு வரை மண்டலம் எதுவும் நடக்காதது போல இருக்கும், பிறகு திடீரென்று அணையும்.

நேரடிக் காற்றின் விரைவான உரித்தலும் இந்த மெதுவான ஓய்வும் முரண் போலத் தெரிகின்றன. நான் அப்படி எண்ணவில்லை. வெட்செலும் பெங்கும் பார்த்தவை பெரும்பாலும் நடுத்தர, பெரிய மண்டலங்கள். ஐசி 3418 போன்றவை குறுமண்டலங்கள். பெரியவற்றுக்குப் பட்டினி, சிறியவற்றுக்கு உரித்தல் என்று பிரித்தால் இரு தரப்பு அளவீடுகளும் ஒரே வீட்டில் குடியிருக்கும். இதற்கு நான் கண்ட மிக வலுவான சான்று 2012இல் மார்லா கேஹாவின் குழு வெளியிட்டது. நம் பால்வீதியின் விண்மீன் திணிவில் நூற்றில் ஓரிரு பங்குக்கு மேற்படாத குறுமண்டலங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெரிய அயலவர் எவரும் 50 இலட்சம் ஒளியாண்டுக்குள் இல்லாத இடத்தில், ஓய்ந்த குறுமண்டலங்கள் ஆயிரத்தில் ஒன்று கூட இல்லை. தனியே விடப்பட்ட குறுமண்டலம் தானாக ஓய்வதில்லை. ஓய்ந்திருந்தால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெரிய மண்டலங்களுக்கு இந்த உறுதி கிடையாது. அவை தனிமையிலும் தம் திணிவாலும் கருந்துளையாலும் ஓய்ந்துவிடுகின்றன. அதனால் கொத்தின் கைவேலை என்ன என்று அறிய விரும்புபவர் பெரிய சுருள்களின் அழகிய படங்களை விட்டுச் சிறியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை நிறம் மாறிய கதை. வடிவம் மாறுவது வேறு கதை. அங்கே ஈர்ப்பு வருகிறது. 1951இல் ஸ்பிற்சரும் பாடேயும் மண்டலங்கள் நேருக்கு நேர் மோதியே மாறுகின்றன என்றார்கள். ஆனால் கொத்தில் வேகம் அதிகம். இருவர் கடக்கும் நேரம் குறைவு. ஒன்றாகச் சேர்வதற்கு வழியில்லை. 1996இல் பென் மூரும் கூட்டாளிகளும் கணினியில் காட்டியது வேறு விதம்: ஒரு பெரிய மோதல் வேண்டாம், வேகமாகக் கடந்து போகும் பலரின் சிறு சிறு சீண்டல்கள் சேர்ந்தே ஒரு சிறிய சுருளின் தட்டைக் குலைத்து உருண்டையாக்கிவிடும். இதோடு கொத்தின் மொத்த ஈர்ப்பும் சேர்கிறது. மையத்துக்கு அருகே போகும்போது, கடலில் வற்றும் பெருக்கும் உண்டாக்கும் அதே இழுவை மண்டலத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வேறு வேறு விசையோடு இழுத்து வெளிவிண்மீன்களைக் கழற்றுகிறது.

கழற்றுதல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கன்னிக் கொத்தின் எம்60-யூசிடி1 சாட்சி. குறுக்கே சுமார் 300 ஒளியாண்டு மட்டுமே உள்ள ஒரு சின்ன உருண்டை. 2014இல் அனில் சேத்தின் குழு அதன் நடுவில் இரண்டு கோடியே பத்து இலட்சம் சூரியத் திணிவுள்ள கருந்துளையைக் கண்டது. நம் பால்வீதியின் கருந்துளை நாற்பது இலட்சம் சூரியன்தான். இத்தனை பெரிய கருந்துளை இவ்வளவு சிறிய வீட்டில் பிறந்திருக்க முடியாது. பெரிய மண்டலம் ஒன்று பக்கத்திலுள்ள இராட்சத மண்டலமான எம்60ஐச் சுற்றி வந்து எல்லாவற்றையும் பறிகொடுத்து, கரு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2023இல் கன்னிக் கொத்திலேயே, விண்மீன் தட்டு பாதி கழன்ற நிலையிலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட இடைநிலை மண்டலங்கள் அடையாளம் காணப்பட்டன. சந்தேகத்துக்கு அதிகம் இடமில்லை.

கழன்ற விண்மீன்கள் எங்கே போகின்றன? எந்த மண்டலத்துக்கும் சொந்தமில்லாமல் கொத்தின் வெளியில் மிதக்கின்றன. கோமாவில் இந்த மங்கிய ஒளியை ஸ்விக்கி 1951இலேயே குறிப்பிட்டார். 2023இல் ஏவப்பட்ட யூக்ளிட் விண்கலம் 24 கோடி ஒளியாண்டு தூரத்துப் பெர்சியஸ் கொத்தைப் படம் எடுத்தபோது, அப்படி அநாதையான விண்மீன்கள் ஒன்றரை இலட்சம் கோடி என்று மதிப்பிடப்பட்டது.

யார் மையம் வரை போவார், யார் போகமாட்டார் என்பதைத் தீர்மானிக்கும் விதி ஒரு தமிழரின் பெயரில் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1943இல் அமெரிக்காவின் யேர்க்ஸ் ஆய்வகத்தில் இருந்தபோது இயக்க உராய்வு பற்றிய கட்டுரைகளை எழுதினார். அவர் மனதில் அப்போது இருந்தவை விண்மீன் கூட்டங்கள். அவற்றிலிருந்து விண்மீன்கள் எப்படித் தப்பி ஓடுகின்றன என்பதே கேள்வி. கனமான ஒரு பொருள் இலேசான பொருள்களின் கூட்டத்தின் ஊடே போகும்போது அவற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. அவை வந்து சேர்வதற்குள் அது முன்னே போய்விடுகிறது. அதனால் அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு நெரிசல் உண்டாகிறது. அந்த நெரிசலின் ஈர்ப்பு அதைப் பின்னிழுத்து வேகத்தைக் குறைக்கிறது. கனம் கூடினால் நெரிசலும் கூடும். வேகம் மிகக் கூடினால் நெரிசல் சேர நேரமிருக்காது. இதை மண்டலக் கொத்துக்குப் பொருத்தியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

பொருத்தினால் வரும் முடிவு முதலில் விசித்திரமாகப் படும். பெரிய மண்டலங்கள்தான் வேகமிழந்து மையத்தில் அமிழ்ந்து, அங்குள்ள இராட்சத மண்டலத்தோடு கலந்து காணாமல் போகின்றன. குறுமண்டலம் உராய்வை அநேகமாக உணர்வதேயில்லை. பிரபஞ்சத்தின் வயது முழுவதும் சுற்றினாலும் அதன் பாதை பெரிதாகச் சுருங்காது. ஆனால் அது பாதுகாப்பு அல்ல. மையத்தை ஒட்டிப் போகும் நீண்ட பாதையில் மீண்டும் மீண்டும் உள்ளே வரும். வினாடிக்கு ஆயிரம் கிலோமீற்றர் என்றால் நூறு கோடி ஆண்டில் 33 இலட்சம் ஒளியாண்டு. ஒரு முறை உள்ளே போய் வெளியே வரச் சில நூறு கோடி ஆண்டு. முதல் சுற்றில் வாயு போகும், அடுத்தடுத்த சுற்றுகளில் விண்மீன்கள் உதிரும். சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தபோது எல்லோரும் பேசியது வெள்ளைக் குள்ளன்களின் எல்லைத் திணிவைத்தான். இன்று மண்டலங்களின் கணினிப் பாவனைகள் எதை எடுத்தாலும் 1943ஆம் ஆண்டுக் கட்டுரை மேற்கோளில் இருக்கும்.

கொத்தின் வாசலுக்கு வருமுன்பே பல மண்டலங்கள் மாறிவிடுகின்றன என்பது இந்த ஆய்வில் இந்தியர்கள் அதிகம் உழைத்த பகுதி. பிரபஞ்சத்தில் கொத்துகள் தனித்தனித் தீவுகளாக இல்லை. நீண்ட இழைகள் அவற்றை இணைக்கின்றன, மண்டலங்கள் அந்த இழைகள் வழியேதான் வந்து விழுகின்றன. சோமக் ராய்சௌத்ரி பங்குகொண்ட 2008ஆம் ஆண்டு ஆய்வும், ஸ்மிருதி மகாஜன் அவரோடு சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வும் ஒரே விஷயத்தைக் கண்டன: கொத்தின் மையத்திலிருந்து சுமார் 60 இலட்சம் முதல் ஒரு கோடி ஒளியாண்டு தூரத்தில், எதிர்க்காற்று இன்னும் பலம் பெறாத இடத்தில், விழும் சிறு மண்டலங்களில் விண்மீன் பிறப்பு குறைவதற்குப் பதிலாகத் திடீரென்று கூடுகிறது. இழைகளுக்குள் நெரிசல் கூடும்போது ஒன்றையொன்று நெருங்கிக் கடந்து வாயுவைக் கிளறிவிடுவதே காரணம் என்பது அவர்கள் விளக்கம். ஆக, அணைவதற்கு முன் ஒரு கடைசி வெளிச்சம் உண்டு. அதில் செலவான வாயு கொத்துக்கு மிச்சமில்லை. சிறு குழுக்களாகச் சேர்ந்தே விழும் மண்டலங்கள் குழுவுக்குள்ளேயே பாதி வேலையை முடித்துக்கொண்டு வருவதும் உண்டு.

பழைய முடிச்சு ஒன்றும் இங்கே அவிழ்கிறது. 1978இல் பட்சரும் ஓம்லரும், பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்திய கொத்துகளில் நீல மண்டலங்கள் இன்றைவிட அதிகம் என்று கண்டபோது பலர் நம்ப மறுத்தார்கள். அன்று விழுந்துகொண்டிருந்த மண்டலங்கள் வாயு நிறைந்தவை, விழும் வீதமும் அதிகம். மாறுவதற்கு அவகாசம் போதவில்லை. நாம் இன்று பார்க்கும் சிவந்த கொத்து அந்த மாற்றத்தின் மிச்சம்.

கொத்துவரை போகாமலே இதன் சிறு பதிப்பை ஊவாவிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்கலாம். மாசி மாத நடுவில், இரவு எட்டு மணிக்கு, மழை விட்ட நாட்களில், அப்புத்தளை மலைவிளிம்பிலிருந்து தென்சமவெளிக்கு மேலே பாருங்கள். தொடுவானத்துக்குப் பதின்மூன்று பாகை உயரத்தில் சிறு மேகத் துண்டு போல ஒன்று நகராமல் நிற்கும். அது பெரிய மகெல்லன் முகில், 1 இலட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தூரத்துச் சிறு மண்டலம். பதுளை நகரிலிருந்து மலை மறைக்கும். தெற்கே திறந்த அப்புத்தளை, பெரகலைப் பக்கம்தான் இதற்குத் தோது. அந்த முகில் பால்வீதியின் மெல்லிய வாயு உறைக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. அதன் வாயுத் தட்டு முன்பக்கத்தில் வெட்டியது போல முடிகிறது, பின்னால் வானத்தின் பெரும்பகுதியைச் சுற்றி நீளும் ஐதரசன் ஓடை ஒன்று கிடக்கிறது. அந்த ஓடையைப் பெரும்பாலும் இந்த முகிலும் அதன் துணையான சிறிய மகெல்லன் முகிலும் ஒன்றையொன்று இழுத்தே உண்டாக்கின, காற்று அதை வடிவமைத்தது. பால்வீதிக்கு 9 இலட்சம் ஒளியாண்டுக்குள் இருக்கும் குறுமண்டலங்களில் மகெல்லன் முகில்கள் இரண்டைத் தவிர மற்றவற்றில் ஐதரசன் அநேகமாக இல்லை. அந்த எல்லைக்கு வெளியே இருப்பவற்றில் பெரும்பாலும் இருக்கிறது. கொத்து செய்வதை நம் மண்டலமும் தன் அளவுக்குச் செய்திருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். குறுமண்டலங்களின் ஓய்வுக்கு எதிர்க்காற்றே முதற்காரணம், பட்டினி துணைக்காரணம். பெரியவற்றில் இந்த வரிசை மாறும். வடிவ மாற்றம் ஈர்ப்பின் வேலை, அது நிற மாற்றத்துக்குப் பின்னரே வருகிறது. இந்தக் கடைசி வாக்கியத்துக்கான ஆதாரத்தில் சாதாரண மக்களின் பங்கும் இருக்கிறது. 2007இல் தொடங்கிய கலக்ஸி சூ என்ற இணையத் திட்டத்தில், ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் மண்டலப் படங்களைப் பார்த்து, சுருளா நீள்வட்டமா என்று ஐந்து கோடிக்கும் அதிகமான முறை பதில் சொன்னார்கள். அவற்றைத் தொகுத்த ஸ்டீவன் பாம்ஃபோர்டின் குழு 2009இல், அடர்த்தி கூடும்போது நிறம் மாறுவது வடிவம் மாறுவதைவிட வேகமானது என்று காட்டியது. சுருள் வடிவம் குலையாமலே சிவந்துபோன மண்டலங்கள் கொத்துகளின் வெளிப்புறத்தில் நிறைய இருந்தன.

அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. புதிய தொலைகாட்டிகளின் படங்கள் அதில் வந்துகொண்டிருக்கின்றன. கட்டணம் இல்லை, ஒரு கைபேசி போதும். கேட்கப்படும் கேள்விகள் சிலவே. ஆசிரியர் அவற்றைத் தமிழில் கரும்பலகையில் எழுதிப் போட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் பதில் சொல்லும். பசறை, மடுல்சீமை, அப்புத்தளைத் தோட்டப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.